வீட்டுப் பொடித் தொழிலுக்குச் சோஷியல் மீடியா மார்க்கெட்டிங்: எதை முதலில் கற்பது?

ஈரோட்டில் வீட்டிலேயே இட்லிப்பொடி, பருப்புப்பொடி, சாம்பார்பொடி அரைத்து விற்கிறீர்கள். இதுவரை ஒருவர் சொல்லி இன்னொருவர் என்றுதான் ஆர்டர் வருகிறது. இனி இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் வழியாக விற்கக் கற்க வேண்டும், ரூ.25,000 கட்டணத்தில் ஓர் ஆன்லைன் வகுப்பு இருக்கிறது, சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது சேர வேண்டாம். இப்படிப்பட்ட வகுப்புகள் பெரும்பாலும் ரீல்ஸிலும் விளம்பரத்திலும்தான் தொடங்குகின்றன. அதாவது புது ஆட்களைக் கூட்டி வருவதில். ஆனால் சிறு தொழிலில் பணம் ஒழுகுவது அதற்குப் பிறகுதான். விலை கேட்டவருக்கு மூன்று மணி நேரம் கழித்துப் பதில் போகிறது. ஒருமுறை வாங்கியவருக்கு உங்கள் நம்பர் எதுவென்றே ஞாபகமில்லை. இதைச் சரிசெய்யாமல் ஆயிரம் பேரைக் கூட்டி வந்தாலும் பயனில்லை. எனவே கல்லாப்பெட்டியில் தொடங்கிப் பின்னோக்கிக் கற்றுக்கொள்ளுங்கள்: முதலில் வாட்ஸ்அப், அது ஒழுங்கான பிறகு இன்ஸ்டாகிராம், கடைசியில் பணம் கொடுத்துப் போடும் விளம்பரம்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போடுவதற்கு முன் தொழிலுக்கென்று தனி சிம் வாங்கிவிடுங்கள். சொந்த நம்பரிலேயே நடத்தினால் குடும்ப குரூப்பில் வரும் காலை வணக்கங்களுக்கு நடுவில் ஆர்டர்கள் புதைந்துபோகும். வீட்டில் வேறொருவர் பதில் சொல்ல நேர்ந்தாலும் தனி நம்பர்தான் வசதி. ப்ரொஃபைலில் பெயர், ஊர், நேரம், என்ன விற்கிறீர்கள் என்ற இரண்டு வரி போதும். அதன்பின் கேட்டலாக், அதாவது படமும் விலையும் கொண்ட பொருள் பட்டியல். 500 பொருள் வரை ஏற்றலாம் என்றாலும் உங்களுக்கு எட்டோ பத்தோ போதும். ஒவ்வொன்றுக்கும் எடை, விலை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், பூண்டு சேர்த்ததா சேர்க்காததா என்பது கண்டிப்பாக இருக்க வேண்டும். பூண்டு சங்கதியை எழுதாவிட்டால் பாதிப் பேர் அதைத்தான் கேட்பார்கள். ஒரே பொடியை 100, 250, 500 கிராம் என்று மூன்று பொருளாகப் பிரித்துப் போட்டால், ஆர்டர் வரும்போதே எந்த அளவு என்று தெரிந்துவிடும்.

அடுத்து நேரத்தை மிச்சப்படுத்தும் மூன்று வசதிகள். முதன்முறை மெசேஜ் அனுப்புபவருக்குத் தானாகப் போகும் வரவேற்புச் செய்தி ஒன்று. அதில் ‘வணக்கம்’ மட்டும் போட்டு வீணாக்காதீர்கள். ‘வணக்கம்! விலைப்பட்டியல் கேட்டலாக்கில் இருக்கு. செவ்வாய், வெள்ளி பார்சல் அனுப்புறோம். என்ன பொடி, எவ்வளவு, எந்த ஊருன்னு சொல்லுங்க’ என்று எழுதினால் முதல் நான்கு கேள்விகள் அப்போதே முடிந்துவிடும். இரண்டாவது, குயிக் ரிப்ளை: கூரியர் கட்டணம், பணம் அனுப்பும் விவரம், முகவரி கேட்கும் செய்தி ஆகியவற்றைச் சேமித்துவைத்தால் சாய்கோட்டை (/) தட்டி ஒரு சொல்லில் அழைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, லேபிள்: ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒட்டிவைக்கும் அடையாளம். இதைத்தான் பெரும்பாலோர் தொடுவதே இல்லை, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ‘விலை கேட்டவர்’, ‘பணம் வரணும்’, ‘பார்சல் போகணும்’, ‘அனுப்பியாச்சு’, ‘மறுபடி வாங்கினவர்’ என்று ஐந்து லேபிள் போதும். ராத்திரி படுக்கும் முன் ‘விலை கேட்டவர்’ லேபிளைத் திறந்து பாருங்கள். இரண்டு நாளாகப் பதில் சொல்லாதவர்களுக்கு ‘நேத்து அரைச்ச பருப்புப்பொடி இருக்குங்க, வேணுமா?’ என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். விளம்பரத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் வரும் விற்பனை இது. இரண்டாம் முறை கேட்டால் ப்ளாக் செய்வார்கள்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ப்ராட்காஸ்ட் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்துவைத்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். ‘200 பேருக்கு அனுப்பினேன், ஒருத்தரும் பதில் போடல’ என்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். எனவே நம்பரைச் சேமிக்க வைப்பது தனியாகச் செய்ய வேண்டிய வேலை. பார்சலுக்குள் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள்: வாட்ஸ்அப் தரும் க்யூஆர் குறி, ‘இந்த நம்பரை சேவ் பண்ணிக்குங்க, புதுசா அரைக்கிற அன்னைக்குச் சொல்றோம்’ என்ற வரி, பொடியை எப்படி வைத்திருக்க வேண்டும் என்ற குறிப்பு. அனுப்புவது பத்து நாளுக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். முன்பின் தெரியாத நம்பர்களைப் பட்டியலாக விலைக்கு வாங்கி அனுப்புவது வேண்டவே வேண்டாம். பலர் புகார் கொடுத்தால் நம்பரே முடங்கிவிடும், அதோடு எல்லா வாடிக்கையாளரும் போய்விடுவார்கள்.

250 கிராம் பொடி ஒரு சிறு குடும்பத்துக்கு மூன்று, நான்கு வாரம் வரும். வாங்கிய 25ஆம் நாள் ‘பொடி தீர்ந்திருக்குமே’ என்று கேட்பதற்கு நோட்டில் தேதி இருந்தால் போதும், எந்த மென்பொருளும் தேவையில்லை. அந்த நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: தேதி, பெயர், வாங்கியது, எப்படித் தெரிந்தது. கடைசிப் பத்திக்காக ஒவ்வொரு புது ஆளிடமும் ‘எங்களைப் பத்தி எப்படித் தெரிஞ்சுச்சு?’ என்று கேட்டாக வேண்டும். பின்னால் விளம்பரத்துக்குப் பணம் போடும்போது, எது ஓடியது எது ஓடவில்லை என்று சொல்லப்போவது இந்தப் பத்திதான்.

கூகுள் மேப்பில் இடம்பிடிப்பதை ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் தொழிலுக்குத்தான் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் தருகிறது. வீட்டுக்கு வந்து வாங்கிப்போகிறார்கள், அல்லது நீங்களே ஊருக்குள் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள் என்றால் பதியலாம். கூரியரில் மட்டும் அனுப்புகிறீர்கள் என்றால் அதன் விதிப்படி தகுதி இல்லை. வீட்டு முகவரி வெளியே தெரிய வேண்டாம் என்றால் முகவரியை மறைத்து, டெலிவரி செய்யும் பகுதியை மட்டும் காட்டலாம். விமர்சனம் எழுதச் சொல்லும்போது ‘நல்லா எழுதுங்க’ என்பதைவிட ‘எந்தப் பொடி வாங்கினீங்கன்னு குறிப்பிட்டு எழுதுங்க’ என்று கேளுங்கள். அந்தப் பொடியைத் தேடி வரும் அடுத்தவருக்கு அந்த வரிதான் உதவும்.

இனி இன்ஸ்டாகிராம். டிக்டாக்கை இந்தியா 2020 ஜூன் இறுதியில் தடை செய்தது. அடுத்த மாதமே இங்கே ரீல்ஸ் வந்தது. அதன்பின் உங்களைப் பின்தொடராதவர்களிடமும் வீடியோ போய்ச் சேர அங்கே நல்ல வழி ரீல்ஸ்தான். அக்கவுன்டை ப்ரொஃபஷனல் வகைக்கு மாற்றுங்கள், அப்போதுதான் இன்சைட்ஸ், அதாவது எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது போன்ற கணக்குகள் தெரியும். பெயர் பகுதியில் கடைப் பெயரோடு ‘இட்லிப்பொடி, ஈரோடு’ என்றும் சேருங்கள், தேடலில் அந்தப் பெயர் பகுதியும் கணக்கில் வருகிறது. பெயருக்குக் கீழே வரும் அறிமுக வரிகளான பயோவில் மூன்று சங்கதி: என்ன, எந்த ஊர்களுக்கு அனுப்புகிறீர்கள், வாட்ஸ்அப் லிங்க். ‘பாட்டியின் கைமணம்’ போன்ற வரிகளுக்கு அங்கே இடம் கொடுக்காதீர்கள். எல்லாப் பொடிக் கடையும் அதையேதான் எழுதுகிறது.

ரீல் எடுக்க கேமரா வாங்க வேண்டாம். லென்ஸைத் துணியால் துடையுங்கள், அடுப்படியில் இருப்பதால் எண்ணெய்ப் படலம் படிந்தே இருக்கும். காலை வெளிச்சம் ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் விழும்படி வாணலியை வையுங்கள். மேலே எரியும் ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மிளகாயின் சிவப்பு வெளிறித் தெரியும். போனை நிமிர்த்திப் பிடியுங்கள். திரையில் போடும் எழுத்து நடுப்பகுதியில் இருக்கட்டும், கீழ்ப்பகுதியைத் தலைப்பும் பட்டன்களும் மறைத்துவிடும். 15 முதல் 30 நொடி போதும்.

முதல் இரண்டு நொடியில் லோகோ காட்டினால் ஆள் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். காய்ந்த வாணலியில் குண்டு மிளகாய் விழும் சத்தம், அல்லது ‘இட்லிப்பொடி ஏன் பத்து நாள்ல சிக்கு வாசம் அடிக்குது?’ என்ற கேள்வி, இப்படித் தொடங்க வேண்டும். பொடித் தொழிலில் சொல்லிக்கொண்டே போகலாம்: எள்ளைத் தனியாக வறுப்பது ஏன், வறுத்த சூட்டோடு அரைத்தால் என்ன ஆகும், ஈரக் கரண்டி பட்டால் பொடி எப்படிக் கட்டி பிடிக்கிறது, சாம்பார்பொடியில் மல்லியின் அளவு கூடினால் குழம்பு ஏன் கெட்டியாகிறது, ஈரோட்டு மஞ்சளை எப்படிப் பார்த்து வாங்குகிறீர்கள். செய்முறையைச் சொல்லிவிட்டால் யார் வாங்குவார்கள் என்று பயப்பட வேண்டாம். அளவு தெரிந்தவர்களும் நேரமில்லாமல்தான் வாங்குகிறார்கள். உங்கள் கை எவ்வளவு பக்குவமாக வறுக்கிறது என்று கண்ணால் பார்த்தவர், விலையைப் பற்றிக் குறைவாகவே பேரம் பேசுவார்.

ஒரு வீடியோவுக்கு ஒரு கேள்வி, ஒரு பதில். வாரத்துக்கு மூன்று போதும். பொடி அரைக்கும் நாளிலேயே எட்டு, பத்து துண்டுகளாக எடுத்துவைத்துக்கொண்டால் மற்ற நாளில் வெட்டி ஒட்டும் வேலை மட்டும்தான். தினமும் ஒன்று போட வேண்டும் என்று ஆரம்பிப்பவர்கள் மூன்றாம் வாரத்தில் களைத்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள்.

பாட்டு விஷயத்தில் கவனம். பிசினஸ் வகை அக்கவுன்டில் சினிமாப் பாட்டு பெரும்பாலும் கிடைக்காது. வெளியிலிருந்து சேர்த்துப் போட்டால் பதிப்புரிமைக் காரணமாகச் சத்தம் அணைக்கப்படலாம். உங்களுக்குப் பாட்டே தேவையில்லை. வறுக்கும் சத்தமும் உங்கள் குரலும் போதும். கொங்குப் பேச்சு வழக்கிலேயே பேசுங்கள், செய்தி வாசிப்பதுபோல் பேசினால் யாரும் நின்று கேட்பதில்லை.

எண்ணிக்கையில் எதைப் பார்ப்பது? லைக்கை மட்டும் பார்க்காதீர்கள். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்ன மூன்று முக்கியமான அளவுகள்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள். புது ஆட்களைச் சென்றடைய மூன்றாவதுதான் அதிகம் உதவும் என்றும் சொன்னார். ஆகவே ‘இதை யார் யாருக்கு அனுப்புவார்?’ என்று யோசித்து எடுங்கள். வெளியூரில் படிக்கும் மகனுக்கு அம்மா அனுப்புவாரா? புதிதாகச் சமைக்கத் தொடங்கிய தங்கைக்கு அக்கா அனுப்புவாரா? உங்கள் அளவில் இதோடு இன்னொன்று: ப்ரொஃபைலுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் வாட்ஸ்அப் லிங்க்கைத் தொட்டார்கள். நிறையப் பேர் வந்தும் யாரும் தொடவில்லை என்றால் பிழை வீடியோவில் இல்லை, பயோவில் இருக்கிறது. ஃபாலோயர்களை விலைக்கு வாங்காதீர்கள். அவர்கள் வீடியோவைப் பார்க்க மாட்டார்கள். பார்க்காத கூட்டத்துக்கு வீடியோ போனால் அது யாருக்கும் பிடிக்கவில்லை என்றே கணக்காகும்.

‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்’ என்ற பழக்கத்தை ஒழித்துவிடுங்கள். விலையை வீடியோவிலும் தலைப்பிலும் போடுங்கள். அந்த விலை ஒத்துவராதவர் மெசேஜ் அனுப்பாமல் இருப்பது உங்களுக்கு லாபம்தான், அந்த நேரத்தில் வேறொருவருக்குப் பதில் சொல்லலாம்.

அடுத்து சட்டம். எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு இல்லாமல் உணவுப் பொருள் விற்கக் கூடாது. அந்தப் பதிவின் 14 இலக்க எண்ணைப் பாக்கெட் லேபிளில் அச்சிட வேண்டும், கேட்டலாக்கிலும் போட்டால் நம்பிக்கை கூடும். உணவு விளம்பரங்களுக்கான அதன் 2018 விதிமுறைகள் நோயைக் குணமாக்கும் என்று சொல்வதைத் தடை செய்கின்றன. முருங்கைப்பொடி, ஆவாரம்பூப்பொடி விற்பவர்கள் ‘சர்க்கரை நோய் தீரும்’ என்று போடுவது இதில்தான் சிக்கும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் மூன்றையும் நடத்தும் மெட்டாவும் அப்படிப்பட்ட விளம்பரத்தைத் தள்ளுபடி செய்யும். இன்னொன்று பலர் கவனிக்காதது: ஜிஎஸ்டி வரம்புக்குள் இருந்தாலும், வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் பதிவு கட்டாயம். பெங்களூரிலிருந்து முதல் ஆர்டர் வருவதற்குள் ஓர் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்போது பணம் கொடுக்கும் விளம்பரம். குறைந்தது இரண்டு மாதம் மேலே சொன்னதைச் செய்து, பணம் போடாமலே நன்றாக ஓடிய ஒரு ரீல் கையில் இருக்கும்போது மட்டும் தொடங்குங்கள். போட்ட ரீலையே விளம்பரமாக்கும் இன்ஸ்டாகிராமின் பூஸ்ட் பட்டன் சுலபம், ஆனால் ‘ப்ரொஃபைல் விசிட்’ என்று இலக்கு வைத்தால் சும்மா எட்டிப் பார்ப்பவர்களைத்தான் கூட்டி வரும். எதைக் கேட்கிறீர்களோ அதையே செய்யக்கூடிய ஆட்களைத் தேடித் தருவதுதான் அந்த அமைப்பின் வேலை. உங்களுக்கு வேண்டியது உரையாடல், ஆகவே கம்ப்யூட்டரில் மெட்டாவின் விளம்பரப் பக்கமான ஆட்ஸ் மேனேஜரைத் திறந்து, வாட்ஸ்அப்புக்கு வரும்படி இலக்கை வையுங்கள். தானாக நிரம்பி வரும் ஆங்கில வரியை அழித்துவிட்டு ‘இட்லிப்பொடி 250 கிராம் வேணும்’ என்று மாற்றுங்கள். கைதவறித் தொட்டவர்கள் அந்த வரியைப் பார்த்தே அனுப்பாமல் விலகிவிடுவார்கள். இடத்தைத் தமிழ்நாடு முழுக்க விரிக்காமல், உங்கள் கூரியர் மறுநாளே சேரும் மாவட்டங்களோடு நிறுத்துங்கள். அக்கவுன்டில் மொத்தச் செலவு வரம்பை முதலிலேயே வைத்துவிடுங்கள்.

கணக்கை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். சராசரி ஆர்டர் ரூ.600. பொருளும் பேக்கிங்கும் ரூ.330, கூரியர் ரூ.80. மீதி ரூ.190. நாளுக்கு ரூ.200 வீதம் ஏழு நாள் விளம்பரம் ரூ.1,400. அதன்மேல் 18% ஜிஎஸ்டி ரூ.252, ஆக ரூ.1,652. இந்த வரியைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்கள் அதிகம். 40 பேர் மெசேஜ் அனுப்பி 8 பேர் வாங்கினால் கையில் நிற்பது ரூ.1,520, அதாவது ரூ.132 நஷ்டம். இங்கேதான் பலர் ‘விளம்பரம் வேலைக்காகாது’ என்று மூடிவிடுகிறார்கள். ஆனால் அந்த 8 பேரில் 3 பேர் அடுத்த இரண்டு மாதத்தில் வாட்ஸ்அப் வழியாக ஒருமுறை மறுபடி வாங்கினால் ரூ.570 வருகிறது, நஷ்டம் போக ரூ.438 லாபம். முதல் ஆர்டரில் சம்பாதிக்க நினைக்காமல் இரண்டாம் ஆர்டரில் சம்பாதிக்க வேண்டிய தொழில் இது. லேபிளும் நோட்டும் முதலில் வேண்டும் என்றது இதற்காகத்தான்.

ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத்தைத் தினமும் நோண்டாதீர்கள். ஒரு வாரத்தில் ஏறக்குறைய 50 உரையாடல் கிடைத்த பிறகுதான் அமைப்பு யாரிடம் காட்டுவது என்று நிதானப்படும். நடுவில் படத்தையோ இடத்தையோ பெரிதாக மாற்றினால் மறுபடி ஆரம்பத்துக்குப் போகும். மாற்ற வேண்டுமென்றால் வாரம் முடிந்தபின் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். மெசேஜ் வருகிறது, வாங்குபவர் இல்லை என்றால் விளம்பரத்தை விட்டுவிட்டு உங்கள் பதில் வேகத்தையும் கூரியர் கட்டணத்தையும் முதலில் பாருங்கள். பொடி ரூ.120, அனுப்பக் கூலி ரூ.80 என்றால் யாருக்கும் மனம் வராது. ரூ.500க்கு மேல் கூலி இல்லை என்று வைத்தால் ஆர்டரின் அளவும் கூடும்.

உணவு விமர்சனம் செய்பவர்களுக்குப் பணம் கொடுப்பதானால், பெரிய கணக்கைவிட ஈரோடு, கோவை வட்டாரத்தில் மட்டும் பார்க்கப்படும் சிறிய கணக்கே மேல். பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அது விளம்பரம் என்று அவர்கள் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பது விதி. அதை மறைக்கச் சொல்லாதீர்கள்.

ஆர்டர் பெருகும்போது மோசடியும் வரும். பணம் அனுப்பியதாக வரும் ஸ்க்ரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் போடாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் வரவு தெரிந்த பிறகே பேக் செய்யுங்கள். ‘அதிகமா அனுப்பிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க’ என்பவரிடமும் இதே விதிதான். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடத் தேவையே இல்லை. ‘பதிப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் கணக்கு மூடப்படும்’ என்று இன்பாக்ஸில் லிங்க் வந்தால் தொடாதீர்கள், கணக்கைப் பறிக்கும் பழைய தந்திரம் அது. இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் இரட்டைச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள்.

கற்பதற்கு இலவச வழிகள் போதுமான அளவு இருக்கின்றன. மெட்டா ப்ளூப்ரின்ட், கூகுளின் ஸ்கில்ஷாப் இரண்டும் கட்டணமில்லாதவை. சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் டிஜிட்டல் மார்க்கெட்டிங்கில் சில நாள் பயிற்சிகள் நடத்துகிறது. ஆறு மாதம் கழித்து, உங்கள் நோட்டில் உள்ள கணக்கை வைத்துக்கொண்டு பதில் கிடைக்காத கேள்வி ஏதாவது மிஞ்சினால் அப்போது கட்டண வகுப்பைப் பாருங்கள். சேரும் முன் நடத்துபவரிடம் ஒன்று கேளுங்கள்: சிறிய உணவுத் தொழில் ஒன்றுக்குத் தான் நடத்தும் விளம்பரத்தை, ஸ்க்ரீன்ஷாட்டாக இல்லாமல், ஆட்ஸ் மேனேஜரை நேரில் திறந்து காட்ட முடியுமா? அதில் செலவு எவ்வளவு, ஆர்டர் எத்தனை, மறுபடி வாங்கியவர் எத்தனை பேர்?